ஆடலாம், காப்டன் ஆகக் கூடாது!

தடையை உடைத்த கிரிக்கெட் வீரர் பிராங்க் வொரல்

மட்டை பிடிக்கக் கறுப்பர் வேண்டும்.

பந்து வீசக் கறுப்பர் வேண்டும்.

நாள் முழுவதும் வெயிலில் ஓடிப் பந்தைத் தடுக்கவும் கறுப்பர் வேண்டும்.

ஆனால் காப்டன் மட்டும் வெள்ளைக்காரராகத்தான் இருக்க வேண்டும்!

மேற்கு இந்தியத் தீவுகளின் கிரிக்கெட் கோஷ்டியில் 30 ஆண்டுகளுக்கு மேல் இப்படி ஒரு வழக்கம் இருந்தது. அதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. ஆனாலும் சட்டத்தைவிடக் கெட்டியாக அது இருந்தது.

அந்த வழக்கத்தை ஒருவர் உடைத்தார். அதற்காக அவர் சண்டை போடவில்லை. மேடை ஏறி முழங்கவில்லை. ஆடிக் காட்டினார், நடந்து காட்டினார்.

அவர் பெயர் பிராங்க் வொரல்.

கரும்புத் தீவு

அமெரிக்கக் கண்டத்துக்குப் பக்கத்தில், கடலில் சிதறிக் கிடக்கும் தீவுகளே மேற்கு இந்தியத் தீவுகள். ஜமைக்கா, டிரினிடாட், பார்படோஸ் என்று பல தீவுகள். இவற்றோடு தென் அமெரிக்காக் கரையில் உள்ள கயானாவும் சேர்ந்து ஒரே கிரிக்கெட் கோஷ்டியாக ஆடும்.

இவற்றில் பார்படோஸ் ஒரு சிறிய தீவு. நீளம் 21 மைல். அகலம் 14 மைல். எங்கே பார்த்தாலும் கரும்புத் தோட்டம்.

அந்தக் கரும்பை வெட்டுவதற்காக ஆப்பிரிக்காவில் இருந்து கறுப்பர்களை அடிமைகளாகக் கொண்டு வந்தார்கள். 1834-ம் ஆண்டு ஆகஸ்டு 1-ந் தேதி அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் அமுலுக்கு வந்தது.

சரியாக 90 ஆண்டு கழித்து, 1924-ம் ஆண்டு அதே ஆகஸ்டு 1-ந் தேதி பிராங்க் வொரல் பிறந்தார். பிரிட்ஜ்டவுன் நகரத்தில், கென்சிங்டன் கிரிக்கெட் மைதானத்துக்குப் பக்கத்தில் வீடு. பாட்டி வீட்டில் வளர்ந்தார்.

அதே மைதானத்தைச் சுற்றி, ஒரு மைலுக்குள், ஒன்றரை ஆண்டு இடைவெளியில் இன்னும் இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். ஒருவர் எவர்டன் வீக்ஸ். இன்னொருவர் கிளைடு வால்காட். மூவருமே பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற ஆட்டக்காரர்கள் ஆனார்கள். ஆங்கிலத்தில் மூவர் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்குவதால், "மூன்று டபிள்யூ" என்று அவர்களை அழைத்தார்கள்.

308 எடுத்தவரும் 218 எடுத்தவரும்

வொரல் முதலில் பந்து வீச்சாளராகத்தான் பார்படோஸ் கோஷ்டியில் சேர்ந்தார். இடது கையால் பந்து போடுவார். மட்டை பிடிக்கக் கடைசி ஆளாக வருவார்.

கொஞ்ச நாளில் அவருடைய மட்டையும் பேசத் தொடங்கியது. பந்தை ஓங்கி அடிக்க மாட்டார். தட்டி விடுவார். பந்து எல்லைக் கோட்டுக்கு ஓடிவிடும்!

1944-ல் டிரினிடாட் கோஷ்டியுடன் ஒரு பந்தயம். வொரலும் ஜான் கோடார்டு என்ற வெள்ளைக்காரரும் ஜோடி சேர்ந்தார்கள். இருவரும் அவுட் ஆகாமல் 502 ரன் குவித்தார்கள். வொரல் எடுத்தது 308. கோடார்டு எடுத்தது 218. அப்போது வொரலுக்கு வயது 19.

சில ஆண்டுகளில் மேற்கு இந்தியக் கோஷ்டியின் காப்டன் பதவி அந்த ஜோடியில் ஒருவருக்குப் போயிற்று.

யாருக்கு? கோடார்டுக்கு!

கோடார்டும் நல்ல ஆட்டக்காரர்தான், நல்ல காப்டனும்தான். அதில் குறை இல்லை. ஆனால் வொரலின் பெயரை யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

அதற்கு முன்பு, 1948-ல், ஜார்ஜ் ஹெட்லி என்ற கறுப்பருக்கு ஒரு வாய்ப்பு தந்தார்கள். அவர் பெரிய வீரர். அவருக்குத் தந்தது ஒரே ஒரு டெஸ்ட் பந்தயம். அதோடு சரி!

இந்தியாவில் காப்டன்

வொரல் 1948-ல் டெஸ்ட் பந்தயத்தில் காலடி வைத்தார். முதல் ஆட்டத்திலேயே 97 ரன். அடுத்த பந்தயத்தில் அவுட் ஆகாமல் 131.

அந்த ஆண்டின் கடைசியில் மேற்கு இந்தியக் கோஷ்டி இந்தியாவுக்குப் புறப்பட்டது. "ஆட வருகிறேன். ஆனால் தகுந்த சம்பளம் வேண்டும்" என்று வொரல் கேட்டார். கிரிக்கெட் போர்டு மறுத்துவிட்டது. வொரல் இல்லாமலே கோஷ்டி கிளம்பியது.

அவரைப் பிடிக்காதவர்கள் "தலைக்கனம் பிடித்தவன்" என்றார்கள். வொரல் பதில் சொல்லவில்லை. இங்கிலாந்துக்குப் போனார். ராட்கிளிப் என்ற ஊர்க் கிளப்பில் சம்பளத்துக்கு ஆடினார். ஆடிக்கொண்டே படித்தார். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பட்டமும் வாங்கினார்.

போர்டோடு வராத வொரல், வேறு வழியில் இந்தியாவுக்கு வந்தார்! இங்கிலாந்து, ஆஸ்திரேலியா முதலிய நாட்டு வீரர்கள் கலந்த காமன்வெல்த் கோஷ்டி 1949-லும் 1950-லும் இந்தியாவில் சுற்றி ஆடியது. அதில் வொரலும் ஒருவர்.

இரண்டாவது முறை வந்தபோது காப்டன் லெஸ் ஏம்ஸ் உடல்நிலை காரணமாகப் பல பந்தயங்களில் ஆட முடியவில்லை. அவருக்குப் பதில் கோஷ்டியை நடத்தியவர் வொரல்!

வெள்ளைக்கார வீரர்கள் கறுப்பரின் சொல் கேட்டு ஆடினார்கள். யாருக்கும் அது அவமானமாகப் படவில்லை. சொந்த நாட்டில் கிடைக்காத பதவி, வொரலுக்கு வந்த நாட்டில் கிடைத்தது.

மட்டையும் பந்தும்

1950-ல் மேற்கு இந்தியக் கோஷ்டி இங்கிலாந்துக்குப் போனது. ஆட்சி செய்பவர்களை அவர்கள் மண்ணிலேயே தோற்கடித்தது. நாட்டிங்காம் நகரத்தில் வொரல் 261 ரன் அடித்தார்.

1957-ல் மறுபடியும் இங்கிலாந்து. அதே நாட்டிங்காம். வொரல் முதல் ஆளாக மட்டையோடு இறங்கினார். எதிரே ஒருவர் பின் ஒருவராக 10 பேரும் அவுட். வொரல் மட்டும் கடைசி வரை அவுட் ஆகவில்லை. 191 ரன்!

அதே பயணத்தில், லீட்ஸ் நகரத்தில் பந்தைக் கையில் எடுத்தார். 70 ரன் கொடுத்து 7 விக்கெட் வீழ்த்தினார். மட்டையிலும் பந்திலும் ஒரே ஆள் இப்படிச் சாதிப்பது அபூர்வம். இவர்களைத்தான் "ஆல்-ரவுண்டர்" என்பார்கள்.

ஆனால் அந்த ஆண்டும் காப்டன் கோடார்டுதான்.

இதற்கு முன், 1955-ல், காப்டன் ஸ்டால்மேயருக்குக் காயம் ஏற்பட்டது. வொரல், வீக்ஸ், வால்காட் மூவரும் மைதானத்தில் இருந்தார்கள். அவர்களை விட்டுவிட்டு, அனுபவம் குறைந்த அட்கின்சன் என்ற வெள்ளைக்காரரைக் காப்டன் ஆக்கினார்கள்.

"கறுப்பர்களுக்குத் திறமை உண்டு, பொறுப்பு கிடையாது" என்றார்கள் பெரிய மனிதர்கள். "ஒரு தீவுக்காரன் சொல்லை இன்னொரு தீவுக்காரன் கேட்க மாட்டான்" என்றும் சொன்னார்கள்.

பத்திரிகையின் போர்

1960-ல் டிரினிடாடில் இந்தக் கேள்வி வெடித்தது.

சி. எல். ஆர். ஜேம்ஸ் என்ற எழுத்தாளர் அங்கே "தி நேஷன்" என்ற பத்திரிகையின் ஆசிரியராக இருந்தார். "வொரலைக் காப்டன் ஆக்கு" என்று வாரா வாரம் எழுதினார். அப்போது காப்டனாக இருந்தவர் ஜெர்ரி அலெக்சாண்டர். "அலெக்சாண்டர் கெட்டவர் அல்ல. ஆனால் வொரல் இருக்கும்போது அவர் எதற்கு?" என்பதே ஜேம்சின் வாதம்.

மக்கள் ஜேம்ஸ் பக்கம் நின்றார்கள். போர்டு பணிந்தது. ஆஸ்திரேலியாவுக்குப் போகும் கோஷ்டிக்கு வொரல் காப்டன் ஆனார். முழுத் தொடருக்கும் காப்டன் ஆக்கப்பட்ட முதல் கறுப்பர் அவர்தான். அப்போது அவருக்கு வயது 36. ஆட்டத்தில் இருந்து ஓய்வு பெறும் வயது!

பதவி இழந்த அலெக்சாண்டர் என்ன செய்தார்? முகம் சுளிக்கவில்லை. வொரலின் கீழ் விக்கெட் கீப்பராக ஆடினார். அந்தத் தொடரில் 5 பந்தயங்களிலும் 50-க்கு மேல் ரன் எடுத்தார். அவர் வாழ்நாளில் மிக நன்றாக ஆடியது அப்போதுதான்.

வொரலின் கோஷ்டியில் பல தீவுக்காரர்கள் இருந்தார்கள். கயானாவில் இருந்து கன்னாய், சாலமன் என்ற இந்திய வம்சாவளி வீரர்களும் இருந்தார்கள். வொரல் அவர்களை ஒரு குடும்பம் ஆக்கினார். யாரையும் அதட்ட மாட்டார். "பதற்றம் வேண்டாம்" என்பார். அவ்வளவுதான்.

8 பந்து!

1960 டிசம்பர் 14. பிரிஸ்பேன் நகரத்தில் முதல் டெஸ்ட் பந்தயத்தின் கடைசி நாள்.

ஆஸ்திரேலியா ஜெயிக்க 233 ரன் வேண்டும். 92 ரன்னுக்குள் 6 விக்கெட் போய்விட்டது. ஆனால் காப்டன் பெனோவும் டேவிட்சனும் சேர்ந்து அடித்து, ஆட்டத்தைத் திருப்பிவிட்டார்கள். டேவிட்சன் ரன் அவுட் ஆனார். கடைசி ஓவர் வந்தது.

ஆஸ்திரேலியாவில் அப்போது ஓவருக்கு 8 பந்து. வேண்டிய ரன் 6. கையில் 3 விக்கெட். பந்து வீச வந்தவர் வெஸ்லி ஹால். புயல் வேகத்தில் போடுகிறவர்.

முதல் பந்து: கிரவுட் உடம்பில் பட்டது. 1 ரன்.

2-வது பந்துக்கு முன்பு ஹாலை வொரல் எச்சரித்தார். "பெனோவுக்குத் தலைக்கு மேல் எகிறும் பந்து போடாதே" என்றார். ஹால் கேட்கவில்லை. அதையே போட்டார். பெனோ ஓங்கி வீசினார். பந்து அலெக்சாண்டர் கையில் காட்ச்!

ஹால் துள்ளிக் குதித்தார். வொரல் குதிக்கவில்லை. "அது பவுண்டரிக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

3-வது பந்தில் ரன் இல்லை. 4-வது பந்தில் 1 ரன். 5-வது பந்தை கிரவுட் வானத்தில் அடித்தார். பிடிக்க கன்னாய் காத்து நின்றார். ஹாலும் ஓடி வந்து கை நீட்டினார். பந்து தரையில் விழுந்தது! 1 ரன்.

இன்னும் 3 ரன். மீதி 3 பந்து.

6-வது பந்தை மெக்கிப் தூக்கி அடித்தார். 2 ரன் ஓடிவிட்டார்கள். இரண்டு பக்கமும் சமம்! வெற்றிக்காக 3-வது ரன்னுக்கு ஓடினார்கள். எல்லைக் கோட்டின் ஓரத்தில் இருந்து ஹன்ட் வீசிய பந்து அம்பு போல வந்தது. கிரவுட் பாய்ந்து விழுந்தார். அங்குல வித்தியாசத்தில் அவுட்.

7-வது பந்து. கடைசி ஆட்டக்காரர் கிளைன். ஹாலிடம் வொரல் மெதுவாகச் சொன்னார்: "நோ-பால் மட்டும் போட்டுவிடாதே. போட்டால் நீ பார்படோசில் கால் வைக்க முடியாது!"

கிளைன் பந்தைத் தட்டிவிட்டு ஓடினார். பக்கவாட்டில் சாலமன் பாய்ந்து எடுத்தார். அவர் நின்ற இடத்தில் இருந்து ஒரே ஒரு ஸ்டம்ப்தான் கண்ணுக்குத் தெரிந்தது. எறிந்தார். ஸ்டம்ப் பறந்தது!

வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. இரு பக்கமும் சமமாக முடிந்த முதல் டெஸ்ட் பந்தயம் அதுதான். இதை "டை" என்பார்கள். அதுவரை 83 ஆண்டுகளில் இப்படி ஒரு முடிவு வந்ததே இல்லை. அடுத்த "டை" 1986-ல் வந்தது. அது நடந்த இடம் சென்னை சேப்பாக்கம். இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடந்த பந்தயம்.

தோற்றவருக்கு ஊர்வலம்

4-வது பந்தயம் அடிலெய்டு நகரத்தில் நடந்தது. ஆஸ்திரேலியாவின் கடைசி ஜோடி ஆடிக்கொண்டிருந்தது. மக்கே அடித்த பந்தை சோபர்ஸ் தாவிப் பிடித்தார். மேற்கு இந்திய வீரர்கள் ஜெயித்துவிட்டதாக நினைத்து மைதானத்தை விட்டுக் கிளம்பினார்கள்.

"அவுட் இல்லை" என்றார் அம்பயர்.

வொரல் ஒரு வார்த்தை பேசவில்லை. வீரர்களைத் திரும்ப அழைத்து நிறுத்தினார். ஆட்டம் தொடர்ந்தது. அந்தக் கடைசி ஜோடி ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நின்று ஆட்டத்தைக் காப்பாற்றிவிட்டது. கைக்கு வந்த வெற்றி போய்விட்டது.

மெல்போர்னில் நடந்த கடைசிப் பந்தயத்தில் ஒரு நாள் மட்டும் 90,800 பேர் கூடினார்கள். அந்தப் பந்தயத்தில் ஆஸ்திரேலியா 2 விக்கெட் வித்தியாசத்தில் தப்பிப் பிழைத்து ஜெயித்தது. தொடரும் அதற்கே கிடைத்தது.

வெற்றிக் கோப்பைக்கு வைத்த பெயர் "பிராங்க் வொரல் கோப்பை". "டை" ஆன பந்தயத்தில் ஆடிய பந்தையே அதில் பதித்திருந்தார்கள். தோற்ற காப்டனின் பெயரில் கோப்பை!

அதைப் பெனோவிடம் கொடுத்த வொரல், தன் தொப்பி, கழுத்துப்பட்டை, கோட்டு மூன்றையும் கழற்றிக் கொடுத்தார். "தலை, கழுத்து, மேல் உடம்பு எல்லாம் உங்களுக்கே. கால்களைத் தரவில்லை. என் முழங்காலை வைத்துக்கொண்டு உங்களால் ஒன்றும் செய்ய முடியாது" என்று சொல்லிச் சிரிக்க வைத்தார்.

1961 பிப்ரவரி 17-ந் தேதி அவர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். மெல்போர்ன் தெருக்களில் திறந்த கார்களில் ஊர்வலம். வழி நெடுக 5 லட்சம் பேர் கூடி நின்றதாகக் கணக்கிட்டார்கள். வெள்ளைக்கார நாட்டில், கறுப்புக் காப்டனுக்கு, அதுவும் தோற்றுப் போனவருக்கு, வழியனுப்பு விழா!

"பொறுப்பு கிடையாது" என்று சொன்ன பெரிய மனிதர்கள் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

ரத்தம் கொடுத்தார்

மறு ஆண்டு இந்தியக் கோஷ்டி மேற்கு இந்தியத் தீவுகளுக்குச் சென்றது. காப்டன் நாரி கான்டிராக்டர்.

1962 மார்ச் 17. பார்படோசுடன் பந்தயம். சார்லி கிரிபித் வீசிய வேகப் பந்து கான்டிராக்டரின் தலையில் மோதியது. மண்டை ஓடு உடைந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அவசர ஆபரேஷன். ரத்தம் வேண்டும்!

முதலில் கை நீட்டியவர் வொரல். எதிர்க் கோஷ்டியின் காப்டன்!

இந்திய வீரர்கள் உம்ரிகர், போர்டே, நட்கர்னி ஆகியோரும் ரத்தம் கொடுத்தார்கள். கான்டிராக்டர் பல நாள் நினைவில்லாமல் கிடந்து, உயிர் பிழைத்தார். பிறகு அவருக்கு வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் சாண்டியின் மேற்பார்வையில் மண்டையில் உலோகத் தகடு பொருத்தினார்கள். 60 ஆண்டு கழித்து, 2022-ல்தான் அந்தத் தகட்டை எடுத்தார்கள். கான்டிராக்டர் மறுபடி மட்டை பிடித்தார். ஆனால் டெஸ்ட் பந்தயத்தில் ஆடவில்லை.

அந்தத் தொடரில் 5 பந்தயங்களிலும் வொரலின் கோஷ்டியே ஜெயித்தது. மைதானத்தில் அவர் விட்டுக் கொடுக்கவில்லை. மைதானத்துக்கு வெளியே அவர் ரத்தத்தையே கொடுத்தார்.

கடைசி ஓட்டம்

1963-ல் வொரல் கடைசியாக இங்கிலாந்துக்குப் போனார். லார்ட்ஸ் மைதானத்தில் மறுபடியும் கடைசி ஓவர், மறுபடியும் ஹால்!

இங்கிலாந்தின் ஷாக்கிள்டன் ஒரு ரன்னுக்காக ஓடினார். பந்து வொரல் கையில் இருந்தது. எறிந்தால் தவறலாம். வொரல் எறியவில்லை. பந்தைப் பிடித்தபடி ஓடினார். 38 வயதுக்காரர், ஷாக்கிள்டனோடு போட்டி போட்டு ஓடி, ஸ்டம்பைத் தட்டினார். அவுட்!

மீதி 2 பந்து. கை எலும்பு முறிந்து கட்டுப் போட்ட காலின் கவுட்ரி இறங்கி வந்து எதிர்ப்பக்கம் நின்றார். ஆட்டம் வெற்றி தோல்வி இன்றி முடிந்தது. தொடரை வொரல் 3-1 என்று ஜெயித்தார்.

அத்துடன் ஓய்வு பெற்றார். 51 டெஸ்ட், 3,860 ரன், 69 விக்கெட். காப்டனாக 15 பந்தயம்; அதில் 9 வெற்றி. 1964-ல் "சர்" பட்டம் கிடைத்தது.

தன் இடத்துக்கு சோபர்சைக் கை காட்டினார். பின்னர் கன்னாய் வந்தார், லாயிட் வந்தார். லாயிட் 1975-லும் 1979-லும் உலகக் கோப்பையை வென்றார். காப்டன் என்ன நிறம் என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

தீவுகள் எல்லாம் ஒன்றுபட வேண்டும் என்பது வொரலின் ஆசை. அரசியல் தலைவர்கள் 1958-ல் அமைத்த கூட்டாட்சி 1962-ல் உடைந்தது. வொரல் சேர்த்து வைத்த கிரிக்கெட் கோஷ்டி உடையவில்லை.

ஓய்வு பெற்றபின் பல்கலைக்கழகத்தில் மாணவர்களோடு வேலை செய்தார். அதற்கும் அதிக நாள் கிடைக்கவில்லை. ரத்தப் புற்றுநோய் பிடித்தது. 1967 மார்ச் 13-ந் தேதி ஜமைக்காவில் காலமானார். வயது 42. மற்றவருக்கு ரத்தம் கொடுத்தவரின் உயிரை, ரத்தத்தில் வந்த நோயே கொண்டு போயிற்று.

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவருக்காகப் பிரார்த்தனை நடந்தது. அதற்கு முன் எந்த விளையாட்டு வீரருக்கும் அங்கே அப்படி நடந்ததில்லை.

பார்படோஸ் நாடு தன் 5 டாலர் நோட்டில் வொரலின் படத்தை அச்சிட்டது. பல்கலைக்கழக மைதானத்தின் அருகே அவருடைய சமாதி இருக்கிறது. வால்காட்டையும் வீக்சையும் பின்னாளில் அங்கேயே அடக்கம் செய்தார்கள். ஒரு மைலுக்குள் பிறந்த மூவரும் ஒரே இடத்தில் உறங்குகிறார்கள்.

இந்தியாவும் மறக்கவில்லை. வங்காளக் கிரிக்கெட் சங்கம் 1981-ல் பிப்ரவரி 3-ந் தேதியை "பிராங்க் வொரல் தினம்" என்று கொண்டாடத் தொடங்கியது.

அன்று மாலை போடுவதும் சொற்பொழிவும் முக்கியம் அல்ல. வருகிறவர்கள் வரிசையில் நின்று ரத்த தானம் செய்கிறார்கள்.